மூத்த கவிஞர் ஒருவரின் மூன்று பெட்டிகள்: வாழ்க்கைக் குறிப்பும் தொகுப்பும் செய்வது எப்படி?

செம்பவாங் மல்லிகை

எல்லாருக்கும் வணக்கம். நம் வட்டாரத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேலாக மரபுக்கவிதை எழுதிவரும் ஐயா ஒருவருக்குத் தொகுப்பு நூல் கொண்டுவர வேண்டும். முன்பகுதியில் 40 பக்க வாழ்க்கைக் குறிப்பு, பின்பகுதியில் கவிதைகள். கையில் உள்ளவை மூன்று அட்டைப்பெட்டிகள்: 14 நோட்டுகள், நாளிதழ் நறுக்குகள், கவியரங்க அழைப்பிதழ்கள், 22 கேசட்டுகள், பழைய எழுத்துருவில் தட்டிய கணினிக் கோப்புகள். எட்டு மாதம் இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பைப் பிறந்த ஊர், வேலை, விருது என்ற வரிசையில் எழுதினால் போதுமா? எதை முதலில் தொட வேண்டும்?

பீட்டி சாலை

மல்லிகை, விருதுப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். அது இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும், மீதி 38 பக்கத்தைப் புகழுரையால் நிரப்ப வேண்டிவரும். சிங்கப்பூரில் ஒரு கவிஞரின் வாழ்க்கை என்பது அவர் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார், யார் கொடுத்த தலைப்புக்கு எழுதினார், யாரிடம் திருத்தம் வாங்கினார் என்பதுதான். தனியறையில் எழுதி வளர்ந்தவர்கள் இங்கே குறைவு. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, அதன் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றம், 1952 முதல் தமிழர் திருநாள் மேடைகள், 1976இல் அமைந்த தமிழ் எழுத்தாளர் கழகம், 2000இல் பிறந்த கவிமாலைக் கவிஞர் அமைப்பு என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு திண்ணை இருந்தது. உங்கள் ஐயா எந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர் என்பதே குறிப்பின் முதுகெலும்பு.

செய்முறை இது. ஒரு விரிதாள் திறந்து ஏழு பத்தி போடுங்கள்: நாள், கூட்டம், இடம், தலைமை, தலைப்பு, கவிதையின் முதலடி, பிறகு எங்கே அச்சானது. அழைப்பிதழ்களை முதலில் ஏற்றுங்கள். வாழ்க்கைக் குறிப்புக்கு அவைதான் தங்கம்.

தொல்லை என்னவென்றால் பல அழைப்பிதழ்களில் நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். ஆறு இலக்கம் என்றால் 1995 அல்லது அதற்குப் பிறகு. நான்கு இலக்கம் என்றால் 1979க்கும் 1995க்கும் இடையே. அடுத்தது வீட்டுத் தொலைபேசி எண். 2002 மார்ச்சில்தான் முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கமானது. இந்த இரண்டையும் கிழமையோடு பொருத்துங்கள். 'ஏப்ரல் 14, ஞாயிறு' என்று மட்டும் போட்ட அட்டை என்று வையுங்கள். அந்த நாள் 1985, 1991, 1996, 2002 ஆகிய ஆண்டுகளில் ஞாயிறாக வந்தது. அட்டையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் ஏழு இலக்கத் தொலைபேசியும் இருந்தால் 1996 தவிர வேறு ஆண்டு இல்லை. நான்கு இலக்கக் குறியீடு என்றால் 1985 அல்லது 1991. அதில் எது என்பதைக் கூட்டத் தலைவரின் பெயரோ மன்றத்தின் முகவரியோ சொல்லிவிடும்.

ஐயாவின் நினைவை மட்டும் நம்பி ஆண்டு போட வேண்டாம். முதலில் அட்டை, பிறகு நினைவு. இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

சுவடிக்காரர்

பீட்டி அண்ணே சொன்னதைச் செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. பெட்டிகளை அப்படியே கொட்டிவிடாதீர்கள்! எந்த நறுக்கு எந்த நோட்டுக்குள் இருந்தது என்பதும் ஒரு தகவல். மூடியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு படம், ஒவ்வொரு அடுக்கை எடுத்ததும் ஒரு படம். பிறகு பென்சிலால் எண்: பெட்டி 1, நோட்டு 3, தாள் 12 என்பதை 1-3-12 என்று பின்பக்க மூலையில். பேனா கூடாது, ஒட்டுத்தாளும் கூடாது.

நம் ஊர் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டும். நாளிதழ்த் தாளில் அமிலம் உண்டு, தானும் பழுத்துப் பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கும். அதனால் நறுக்குகளுக்கு இடையே அமிலமற்ற தாள் வையுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிள் ஊசியை முன்பக்கமாக இழுத்தால் தாள் கிழியும். பின்பக்கம் திருப்பி, மடங்கிய இரண்டு கால்களையும் மெல்லிய தகடால் நிமிர்த்திவிட்டு எடுங்கள். செலோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டையும் பசையையும் திரும்பப் பிரிக்க முடியாது. இராமபாணப் பூச்சி தென்பட்டால் அந்த நோட்டைத் தனி உறையில் கட்டி மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஸ்கேன்: அச்சுத் தாளுக்கு 300 டிபிஐ, கையெழுத்துக்கும் படத்துக்கும் 600. கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். வண்ணத்தில் எடுத்தால்தான் மை வேறுபாடு தெரியும், அது பின்னால் பெரிதாக உதவும். மூலக்கோப்பு டிஃப், பகிர்வதற்கு மட்டும் பிடிஎஃப். மூன்று படி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

கேசட்டில் கை வைக்கும் முன் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். அவை இருந்தால் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தி, இருந்த குரலை அழித்துவிட வாய்ப்பு உண்டு. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், பூஞ்சை ஓட்டும் கருவியின் தலைமுனையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நல்லவற்றை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றி, பிறகு பதிவு செய்யுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இரைச்சல் நீக்குவதைப் படியில் மட்டும் செய்யுங்கள், மூலத்தில் அல்ல. கவியரங்கப் பதிவில் அவையினர் சொல்லும் 'மறுமுறை' என்ற குரலும் ஆவணம்தான்.

செம்பவாங் மல்லிகை

அண்ணன்மாருக்கு நன்றி. நோட்டுகளைப் புரட்டியபோது ஒரு கேள்வி. பல கவிதைகளில் நீல மையில் ஒரு வடிவமும் அதன் மேல் வேறு மையில் திருத்தமும் இருக்கின்றன. நறுக்கில் அச்சானது திருத்திய வடிவம். சிலவற்றில் தளை தட்டுகிறது, அதாவது சீரும் சீரும் சேரும் கட்டு உடைகிறது என்று ஓரத்தில் குறித்திருக்கிறது. எதை அச்சிடுவது?

வெண்டளை

உடன்பிறப்பே, இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் அலகிட்டுப் பார்க்காமல், அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துப் பார்க்காமல் முடிவு எடுக்க முடியாது. எடுத்துக்காட்டுக்கு ஒரு குறள்வெண்பா இட்டுக் காட்டுகிறேன். முதல் வடிவம்:

தேக்காத் தெருவில் பெய்தமழை விட்டபின்
பூக்காரி கையில் மணம்.

காதுக்கு நன்றாகவே இருக்கிறது. இப்போது அலகிடுங்கள். தனிக் குறிலோ நெடிலோ நேரசை, இரு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்தால் நிரையசை, பின்னால் ஒற்று வந்தாலும் அதேதான். அசை சேரும் முறைக்குத் தேமா, புளிமா என்று வாய்பாட்டுப் பெயர் உண்டு. தேக்/காத் தேமா. தெரு/வில் புளிமா. பெய்/தம/ழை கூவிளங்காய். விட்/டபின் கூவிளம். பூக்/கா/ரி தேமாங்காய். கை/யில் தேமா. மணம் என்பது 'மலர்' வாய்பாடு. வெண்பாவில் மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் வர வேண்டும், அதாவது மாவில் முடியும் சீரை அடுத்த சீர் நிரையிலும், விளத்திலோ காயிலோ முடியும் சீரை அடுத்த சீர் நேரிலும் தொடங்க வேண்டும். இரண்டாம் சீர் 'தெருவில்' மாச்சீர், அதை அடுத்து நிரை வேண்டும். வந்திருப்பதோ 'பெய்' என்ற நேர். அங்கே வெண்பாவுக்கு ஆகாத ஆசிரியத்தளை புகுந்துவிட்டது. மற்ற ஐந்து இடமும் சரி. ஒரே ஓர் இடத்தில்தான் தட்டுகிறது. திருத்தம்:

தேக்காத் தெருவில் மழைவிட்ட பின்னாலே
பூக்காரி கையில் மணம்.

மழை/விட்/ட புளிமாங்காய். புளிமாவுக்குப் பின் நிரை, தளை நின்றது. பின்/னா/லே தேமாங்காய், காய்முன் நேராகத் தொடங்குகிறது. அடுத்து 'பூக்' என்பதும் நேர். எதுகை தேக்கா, பூக்கா என்று அப்படியே இருக்கிறது. பொருளும் கூடியது. மழை என்றாலே பெய்வதுதான், 'பெய்த' என்ற சொல் வெறும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நல்ல திருத்தம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தளைக்காகக் கைவைத்த இடத்தில் வெற்றுச்சொல்லும் சேர்ந்து விழும்.

'தேக்கா தெருவில்' என்று ஒற்றில்லாமல் நோட்டில் இருந்தால் ஒற்றைச் சேர்த்து அச்சிடலாம். கா என்றாலும் காத் என்றாலும் நேர்தான், அலகு மாறாது. எல்லா இடத்திலும் அப்படி அல்ல. நிரையசையின் நடுவில் ஒற்று ஏறினால் அசையே உடையும். 'தெருவில்' என்பதை யாரோ 'தெர்ருவில்' என்று தட்டிவிட்டால் வெண்பா போச்சு. ஆகவே சந்தி பார்ப்பவரும் யாப்பு பார்ப்பவரும் ஒருவராக இருப்பது நல்லது.

இணையத்தில் அவலோகிதம் என்ற யாப்புக் கருவி இருக்கிறது. பயன்படுத்துங்கள். ஆனால் சீர் பிரித்துத் தட்ட வேண்டும். 'பெய்த மழை' என்று இடைவெளி விட்டால் அது இரண்டு சீராக எண்ணும், ஐந்து சீர் முதலடி என்று குழப்பும். குற்றியலுகரம் வரும் இடங்களைக் கருவியின் முடிவோடு நிறுத்தாமல் கண்ணாலும் பாருங்கள்.

என் முடிவு: கவிஞர் ஒப்பி அச்சில் விட்ட வடிவமே பாடம். முதல் வடிவம் அடிக்குறிப்பில்.

ஒலிபெருக்கி

வெண்டளை ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அடிக்குறிப்பில் ஒளித்துவைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். மல்லிகை கையில் இருப்பது சாதாரணத் தொகுப்பு அல்ல, வாழ்க்கைக் குறிப்போடு வரும் நூல். அந்தத் திருத்தம்தான் வாழ்க்கை! எல்லாக் கவிதைக்கும் வேண்டாம். ஆறு கவிதையைத் தேர்ந்து இடப்பக்கம் முதல் வடிவம், வலப்பக்கம் திருத்திய வடிவம் என்று எதிரெதிராக வையுங்கள். கூட்டத்தில் ஒருவர் சொன்ன ஒரு சொல் எப்படிக் கவிதையை மாற்றியது என்று இளையர் கண்ணால் காண்பார்கள். இப்போது மாதக் கூட்டங்களுக்கு வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு இலக்கண நூலைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

இன்னொன்று: திருத்தம் எப்போதும் மேம்பாடு என்று எண்ண வேண்டாம். தளை நின்று உயிர் போன கவிதைகள் எத்தனையோ. அப்படிப்பட்ட இரண்டும் அந்த ஆறில் இருக்கட்டும்.

வெண்டளை

எதிரெதிர்ப் பக்கம் நல்ல யோசனை, ஏற்கிறேன். ஒரு நிபந்தனை. ஐயா நம்மோடு இருக்கிறார். எந்த ஆறு என்பதை அவரே சொல்லட்டும். தான் கைவிட்ட வடிவம் அச்சேறுவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள்.

பீட்டி சாலை

யாப்பைப் பற்றி இவ்வளவு பேசியதற்கு ஒரு பின்னணியும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதாசிவ பண்டிதர் டேங்க் ரோடு முருகனைப் பாடிய சிங்கைநகர் அந்தாதி 1887இல் வந்தது. அதோடு சேர்ந்து வந்தவை சித்திரகவிகள். இங்கே மரபுக்கவிதை இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பொழுதுபோக்கு அல்ல, முதல் தலைமுறையிலேயே இருந்தது. வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பத்தி இதற்குக் கொடுத்தால் ஐயாவின் 50 ஆண்டு எந்த நீளக் கயிற்றின் கடைசி முழம் என்று புரியும்.

புனைபெயர்களையும் மறக்காதீர்கள். நம் எழுத்தாளர்களில் பலர் இரண்டு மூன்று பெயரில் எழுதியவர்கள். பி. கிருஷ்ணன்தான் புதுமைதாசன் என்று தெரியாதவர் இரண்டு ஆளாக எண்ணிவிடுவார். ஐயாவிடம் உட்கார்ந்து புனைபெயர்ப் பட்டியலை முதலில் வாங்குங்கள், பிறகே நாளிதழைத் தேடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்வடிவ நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசு இருக்கிறது. சொல் தேடலை மட்டும் நம்பாமல் நாள்வாரியாகப் புரட்டுங்கள். பழைய இதழ்களில் லை, ணை, றா, னா எல்லாம் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவத்தில் இருக்கும், படியெடுப்பவருக்கு முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி, தேசிய தினம் ஆகியவற்றை ஒட்டிய ஒரு வாரத்தை முதலில் பாருங்கள். கவிதைக்குப் பக்கம் விரிவாகக் கிடைக்கும் நாள்கள் அவை.

ஒலிபெருக்கி

வானொலியை யாருமே சொல்லவில்லையே. க. து. மு. இக்பால் 1970களிலும் 80களிலும் வானொலிக்காக 200க்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்கள் எழுதியவர். 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். 1986இல் அதே பதக்கம் பெற்ற ந. பழநிவேலுவும் வானொலியில் வேலை பார்த்தவர். வானொலிக்கு எழுதியது காற்றில் போகும், நூலில் நிற்காது. உங்கள் ஐயாவின் 22 கேசட்டில் இசையோடு பாடிய பாட்டு இருந்தால் அதைக் கேட்டு எழுதுங்கள். கேட்டு எழுதும்போது அசைநீட்டலை எழுத்தாக்க வேண்டாம். பாடகர் 'நிலாவே' என்பதை 'நிலாஆவே' என்று இழுத்திருப்பார். கவிஞர் எழுதியது மூன்று எழுத்துத்தான்.

அச்சுக்கோப்பு

எல்லாரும் பாடத்தைப் பேசிவிட்டீர்கள், நான் கோப்பைப் பேசுகிறேன். பெரும்பாலான தொகுப்பு நூல்கள் கெடுவது இங்கேதான்.

பழைய கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால் பாமினி வகை எழுத்துரு. மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்தால் திஸ்கியோ தாப், தாம் வகையோ, இவையும் யூனிகோடுக்கு முந்திய குறியேற்றங்கள். முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருளின் பழைய பதிப்புகளில் தட்டியவையும் நம் ஊரில் நிறைய உண்டு. எந்த வகை என்று அறியாமல் எழுத்துரு மாற்றியில் போட்டால் பாதி சரியாக, பாதி குப்பையாக வரும், அந்தப் பாதிதான் ஆபத்து. முதலில் பத்து வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகு மூன்று பிழையைக் கட்டாயம் தேடுங்கள். பழைய எழுத்துருவில் சிலர் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருப்பார்கள், 'பாடம்' என்பது 'பரடம்' ஆகிவிடும். 'ஔ'வையும் 'கௌ'வையும் ளகரத்தால் ஒட்டியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது, தேடலில் மாட்டாது. கொம்பு முன்னால் தட்டப்பட்டதால் சில இடத்தில் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்துத் திருத்தியை நம்பி விட்டால் கவிதையில் இவை தப்பிவிடும். ஒருவர் நோட்டைப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க, இரண்டு முறை ஒப்புநோக்குங்கள்.

இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டினால் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தி நடை ஒவ்வொன்றிலும் அதைப் போடுங்கள். தலைப்பு நடையில் மட்டும் மறந்துவிட்டு அட்டை வரை போன நூல்கள் உண்டு.

பக்க அளவு டெம்மி போதும். எழுத்து 11 புள்ளி, வரியிடை 16. அறுசீர் விருத்தத்தின் ஓரடி அந்த அகலத்தில் அடங்காது. மென்பொருள் தானாக மடக்க விடாதீர்கள், சீரை நடுவில் வெட்டும். மூன்று சீர், மூன்று சீராக நீங்களே மடக்கி, இரண்டாம் வரியைச் சற்று உள்ளே தள்ளுங்கள். நான்கடி கொண்ட ஒரு விருத்தம் எட்டு வரி ஆகும், ஒரு பக்கத்துக்கு மூன்று விருத்தம் என்று கணக்கிடுங்கள். விருத்தம் பக்கம் மாறி உடையக் கூடாது. மொத்தப் பக்கம் 16இன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. 160 பக்கம் என்றால் 10 ஃபாரம்.

தாள் 80 ஜிஎஸ்எம், இளமஞ்சள் நிறம். 300 படிக்கு மேல் முதல் அச்சில் போகாதீர்கள். வீட்டில் அடுக்கிவைக்க இடமில்லாத ஊர் இது. சென்னையில் அச்சடித்தால் படிக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் கப்பல் நாள், சுங்கம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் கூட்டிப் பாருங்கள். மெய்ப்பை பிடிஎஃபில் மட்டும் பார்த்து ஒப்புதல் தராமல் ஒரு படி அச்சடித்துத் தருவியுங்கள்.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலக வாரியம் இலவசமாகத் தருகிறது, 978-981 என்று தொடங்கும். அச்சுக்குப் போகும் முன் வாங்கி உரிமைப் பக்கத்திலும் பின்னட்டையிலும் ஒரே எண்தானா என்று சரிபாருங்கள். மின்னூலுக்குத் தனி எண். வெளிவந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு படி நூலக வாரியத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டும். பதிப்புரிமைக்கு ஐயாவிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கிவிடுங்கள். இங்கே உரிமை கவிஞர் காலத்துக்குப் பின் 70 ஆண்டு நீளும். பிற்காலத்தில் மறுபதிப்புக்கு யாரைக் கேட்பது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பிள்ளைகளுக்குச் சிக்கல் இராது.

சுவடிக்காரர்

எட்டு மாதத்தைப் பிரித்துச் சொல்கிறேன். பெட்டி அடுக்கி ஸ்கேன் செய்ய ஆறு வாரம். விரிதாளும் நாளிதழ்த் தேடலும் எட்டு வாரம். தட்டச்சும் ஒப்புநோக்கும் பத்து வாரம், இதைக் குறைக்காதீர்கள். மீதி பக்கக்கட்டும் அச்சும். ஐயாவைச் சந்திப்பது மட்டும் எல்லா வாரமும் நடக்கட்டும், ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கையில் ஒரு தாளைக் கொடுத்துக் கேளுங்கள். 'அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் எல்லாரிடமும் சொன்னதையே சொல்வார். ஒரு நறுக்கைக் கொடுத்து 'இந்த மூணாவது அடியை ஏன் மாத்துனீங்க?' என்று கேட்டால் அந்த அறையே நினைவுக்கு வரும்.

செம்பவாங் மல்லிகை

குறித்துக்கொண்டேன். வண்ண ஸ்கேனில் இப்போதுதான் தெரிகிறது: 3, 4, 7 ஆகிய மூன்று நோட்டிலும் திருத்தம் பச்சை மையில், ஐயாவின் கையெழுத்தே அல்ல. ளகரத்தின் வால் வேறு மாதிரி வளைகிறது. ஓரத்தில் பெயர் இல்லை, ஒரு சுழி மட்டும். ஞாயிற்றுக்கிழமை போகும்போது நான்காம் நோட்டை எடுத்துப்போய் அந்தச் சுழியைக் காட்டிக் கேட்கிறேன்.